இது யார் விட்ட புகை?

2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி கோலசிலாங்கூர் மாவட்டத்திலும் கிள்ளான் துறைமுகத்திலும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே ஆபத்து. அன்று அது 500ஐயும் தாண்டியிருந்தது. குற்றவாளி யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை. சுமத்ராவின் சதுப்புக் காடுகளில் பிடித்த தீ, நீரிணை தாண்டி வந்து நம் மூச்சை அடைத்தது.

தேட வேண்டியிருப்பது மற்ற நாள்களில்தான். குறியீடு 60, 70 என்று நின்று, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத நாள்கள் அவை. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இருப்பவர்கள் அந்த நாள்களில் யாருடைய புகையைச் சுவாசிக்கிறார்கள்? வடக்கே செக்கிஞ்சானிலும் தஞ்சோங் காராங்கிலும் அறுவடை முடிந்து எரிக்கும் வைக்கோலா? செம்பனை ஆலையா? கிள்ளான் சாலையில் ஓயாமல் ஓடும் லாரிகளா? அல்லது தெற்கே, காப்பார் கடலோரத்தில் நிற்கும் அந்த உயரமான புகைபோக்கிகளா?

சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா மின்நிலையம் என்பது அதன் முழுப்பெயர். நமக்கு அது காப்பார் பவர் ஸ்டேஷன். 1980களில் தொடங்கிய இந்நிலையத்தில் நிலக்கரி எரிக்கும் அலகுகள் நான்கு: 300 மெகாவாட்டில் இரண்டு, 500 மெகாவாட்டில் இரண்டு. தெனாகா நேஷனலுக்கு 60 விழுக்காடும் மலாக்கோஃபுக்கு 40 விழுக்காடும் பங்குள்ள நிறுவனம் இதை நடத்துகிறது. 500 மெகாவாட் அலகு ஒன்று முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 200 டன் நிலக்கரியை விழுங்கும்.

உயரமான புகைபோக்கிக்கு ஒரு தந்திரம் உண்டு. அடியில் குடியிருப்பவருக்குப் புகை குறைவாக வரும். பல கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குத்தான் அது இறங்கும். பகலில் கடற்காற்று அதை உள்நாட்டுப் பக்கம் தள்ளும்; தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வீசும் காற்று வடக்கே நம் பக்கம் கொண்டுவரும். போகிற வழியில் கந்தக டைஆக்சைடு மெல்ல மெல்ல சல்பேட் நுண்துகளாக மாறும். புறப்பட்டது வாயு, வந்து சேர்வது தூசு. பக்கத்தில் இருப்பதாலேயே ஒருவரைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது, தூரத்தில் இருப்பதாலேயே விடுவிக்கவும் முடியாது.

துப்புத் துலக்க அறிவியலிடம் சில வழிகள் உண்டு. தரையிலிருந்து பார்ப்பது ஒன்று. நுண்துகளை வடிதாளில் பிடித்துச் சோதித்தால், நிலக்கரிப் புகையில் ஆர்சனிக், செலினியம் போன்ற தனிமங்கள் தூக்கலாக இருக்கும். வைக்கோல், காட்டுத்தீப் புகையில் பொட்டாசியம் கூடுதலாக இருக்கும். மேலிருந்து பார்ப்பது இன்னொன்று. 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோள் நாள்தோறும் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் கடந்து செல்லும்போது நைட்ரஜன் டைஆக்சைடையும் கந்தக டைஆக்சைடையும் அளக்கிறது. ஆனால் நம் ஊரில் மேகம் அதற்குப் பெரிய இடைஞ்சல். போதாக்குறைக்குத் துறைமுகக் கப்பல்களும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வாகனங்களும் விடும் புகை எல்லாவற்றையும் ஒரே திட்டாகக் கலக்கிவிடும். பல மாத அளவீடுகளைக் காற்றின் திசைப்படி பிரித்துப் போட்டுப் பார்த்தால்தான் தனி ஒரு நிலையத்தின் புகைவால் தெரியவரும்.

மூன்றாவது வழிதான் எல்லாவற்றிலும் நேரடியானது: புகைபோக்கிக்குள்ளேயே கருவி வைத்து இடைவிடாமல் அளப்பது. 2014ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகள் பெரிய மின்நிலையங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியுள்ளன. நிலக்கரி நிலையம் ஒரு கனமீட்டர் புகையில் 50 மில்லிகிராம் தூசு, 500 மில்லிகிராம் கந்தக டைஆக்சைடு என்ற வரம்பைத் தாண்டக்கூடாது. அளவீடுகள் சுற்றுச்சூழல் துறைக்குப் போகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்நிலையம் ஒழுங்காக ஓடும்போது மட்டும் புகையைக் கணக்கிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். புகையில் உள்ள சாம்பலுக்கு மின்னேற்றம் கொடுத்துத் தகடுகளில் ஒட்டவைக்கும் தூசுபிடிப்பான் 99 விழுக்காட்டுக்கும் மேல் பிடித்துவிடும். ஆனால் கொதிகலன் குழாய் ஒன்று வெடித்து ஒழுகினால் அலகை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிலக்கரி நிலையங்களில் அடிக்கடி வரும் கோளாறு இது. மறுபடி மூட்டும்போது முதலில் எண்ணெய் எரிப்பார்கள். எரியாத எண்ணெய் தகடுகளில் படிந்து தீப்பிடிக்கலாம் என்பதால், அந்த நேரத்தில் தூசுபிடிப்பானை முழுமையாக இயக்குவதில்லை. அப்போதுதான் கரும்புகை கிளம்பும். ஆக, பழுதுப் பட்டியலையும் புகைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பழுது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நமக்குத் தெரிந்த ஊர்களே சாட்சி. 2025 பிப்ரவரி 9இல் இலங்கை முழுக்க மின்சாரம் போனது. துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்றார்கள். ஆனால் அதன் அதிர்ச்சியில் நின்றுபோன நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று அலகுகளும் மீண்டுவரப் பல நாள்கள் ஆயின. மக்கள் சுழற்சி முறை மின்வெட்டில் கிடந்தார்கள். நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 மே மாதமும் ஜூலை மாதமும் அடுத்தடுத்து நடந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். முதல் விபத்துக்குப் பிறகு விழித்திருந்தால் இரண்டாவது நடந்திருக்குமா என்ற கேள்வி இன்னும் ஆறவில்லை.

சாம்பலையும் விட்டுவிட முடியாது. காப்பாரின் சாம்பல் குளங்கள், கடல் ஏறும் நேரத்தில் ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் வந்து ஒதுங்கும் இடமாகப் பறவை ஆர்வலர்களிடம் பெயர் வாங்கியவை. பறவை வருகிறது என்பது குளம் தூய்மை என்பதற்குச் சான்றிதழ் ஆகாது. நிலக்கரிச் சாம்பலில் பாதரசமும் ஆர்சனிக்கும் இருக்கும். இதே கடலோரச் சேற்றில்தான் நாம் விரும்பித் தின்னும் கெராங் சிப்பி வளர்கிறது.

காப்பாரின் மின் கொள்முதல் ஒப்பந்தம் 2029இல் முடிகிறது. அதுவரை ஓடப்போகும் நிலையம், வயது ஏறிய நிலையம். சுற்றுச்சூழல் துறையின் இணையத்தளத்தில் கோலசிலாங்கூர் காற்றின் குறியீட்டை எவரும் மணிக்கு மணி பார்க்கலாம். அதற்குப் பக்கத்திலேயே காப்பார் புகைபோக்கியின் அளவீட்டையும், எந்த அலகு எப்போது நின்றது, எப்போது மூட்டப்பட்டது என்ற பட்டியலையும் வெளியிடட்டும். கருவி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, இணையத்தளமும் இருக்கிறது. தோட்டத்துப் பொதுமக்கள் சங்கங்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இதைக் கேட்கலாம்; கேட்க வேண்டும்.