ஐடா ஸ்கடர் தடம் மாறினாரா?

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கதையைச் சபைகளில் சொல்பவர்கள் பெரும்பாலும் திண்டிவனத்தோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே ஒரே இரவில் மூன்று ஆண்கள், மூவரும் வெவ்வேறு சமூகத்தவர்கள், பிரசவ வேதனையில் துடிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்றச் சொல்லி, பின்னாளில் அந்த மருத்துவமனையை நிறுவிய இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். மருத்துவரான அவருடைய தந்தையை அழைத்துப்போக அவர்கள் வழக்கம் இடம் தரவில்லை. ஐடாவோ மருத்துவம் படித்தவரல்ல. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்காவுக்கே திரும்பிவிட நினைத்திருந்தவர், இதைக் கடவுளின் அழைப்பாக ஏற்றார். உலுக்கும் கதைதான். ஆனால் அழைப்பில் நிலைத்திருப்பது என்னவென்று அறிய விரும்புபவர், அந்த இரவைவிட ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து ஐடா எடுத்த ஒரு முடிவைத்தான் பார்க்க வேண்டும்.

1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் நாற்பது படுக்கைகளுடன் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி. ஆண் மருத்துவர் நுழைய முடியாத வீடுகளுக்குள் நுழையப் பெண் மருத்துவர்கள் வேண்டும் என்பதே அதன் உயிர்க்கருத்து. 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, இத்தகைய பள்ளிகள் நடத்திய எல்.எம்.பி. பட்டயப் படிப்பை நிறுத்தி எம்.பி.பி.எஸ். மட்டுமே இருக்கும் என்றது. பள்ளி கல்லூரியாக வேண்டும், இல்லையேல் மூட வேண்டும். பணமும் கட்டடமும் உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்களும் தேவைப்பட்டன. பல திருச்சபைகளின் கூட்டு ஆதரவு கிடைக்க ஒரு வழி இருந்தது: ஆண்களையும் சேர்ப்பது. இந்தியப் பெண்களுக்காக என்று சொல்லி அமெரிக்காவில் வீடுவீடாகப் பணம் திரட்டியவர்களுக்கு அது துரோகமாகப் பட்டது. எதிர்த்தவர்களில் ஐடாவின் நெடுங்காலத் தோழியர் இருந்தார்கள். எழுபதைத் தாண்டியிருந்த ஐடா மாற்றத்தின் பக்கம் நின்றார். 1942இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது, 1947இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

இதை விசுவாசத்தில் உறுதி என்பதா, சமரசம் என்பதா? அன்று எதிர்த்தவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கொடுத்த வாக்கு வாக்குதான். மேலும், சூழ்நிலைக்கேற்ப அழைப்பை வளைக்கலாம் என்றால், வசதியான ஊருக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு ‘கர்த்தர் நடத்தினார்’ என்று சாட்சி சொல்பவரை எப்படிக் கேள்வி கேட்பது? என் பதில் இது: மாற்றத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பார்க்கலாம். ஐடா இழந்தது தோழமையையும், தான் வடிவமைத்த நிறுவனத்தின் அடையாளத்தையும். கிடைத்தது நோயாளிகளுக்கும் மாணவியருக்கும். பள்ளி மூடியிருந்தால் அந்த மாணவியருக்கும் வேலூரில் இடமிருந்திருக்காது. பவுலின் பயணங்களிலும் இதே இலக்கணம்தான். பித்தினியாவுக்குப் போக முயன்று தடுக்கப்பட்டபோது அவர் மக்கெதோனியாவின் பக்கம் திரும்பினார். பாதைதான் மாறியது, சொல்ல வந்த செய்தி மாறவில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு. ஸ்கடர் குடும்பத்தில் பிறந்தவருக்கு இதெல்லாம் எளிது. தாத்தா ஜான் ஸ்கடரே 1819இல் இலங்கைக்குப் புறப்பட்ட மருத்துவ மிஷனரி. மாதச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. குடும்பப் பின்னணி ஐடாவுக்குக் கதவுகளைத் திறந்தது உண்மை. ஆனால் அழைப்பு என்றாலே முழுநேர ஊழியம் என்று நாம் குறுக்கிக்கொண்டதும் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. செருப்புத் தைப்பவரின் வேலையும் தாயின் வேலையும் கடவுள் அழைத்த பணியே என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே மார்ட்டின் லூத்தர் வாதாடினார். பவுலும் கொரிந்துவில் கூடாரம் தைத்துப் பிழைத்தார். திண்டிவனத்திலும் வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. வந்தவை மூன்று வீடுகளின் தேவைகள். அவ்வகை அழைப்பு அரசு அலுவலகத்துக்கும் வகுப்பறைக்கும் அன்றாடம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு மேடையில் அர்ப்பணிப்பு நேரம் கிடையாது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. ஊழியத்தைத் தொடங்கியவர்கள் அதைவிட்டு இறங்கத் தெரியாமல், மகனிடமோ மருமகனிடமோ சாவியைக் கொடுத்துச் செல்வதை நம்மூரில் நிறையவே பார்க்கிறோம். ஐடா 1946இல் ஓய்வுபெற்றார். அதன்பின் அந்தக் கல்லூரியின் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றவர் ஹில்டா லாசரஸ். 1960இல் கொடைக்கானலில் இறக்கும்வரை ஐடா இந்தியாவிலேயே வாழ்ந்தார். ஆனால் கல்லூரியைத் தன் கையிலும் வைத்துக்கொள்ளவில்லை.