கூரை உடையுறதுக்கு முன்னாடி தொய்யும்

திருக்கனூர்ல இருந்து பேசுறேன். எங்க ஊர் காகிதக் கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடு உண்டு. கையில எடுத்தா கனமே இருக்காது, அமுக்கினாலும் லேசுல நசுங்காது. காரணம் அதோட வளைவு. ஒரு தாளை ஓரத்துல பிடிச்சா தொங்கிடும். நடுவுல லேசா குழிச்சுப் பிடிச்சா நேரா நிக்கும். இன்னைக்குப் பேச்சு இந்த விறைப்பைப் பத்தித்தான்.

பலம் வேற, விறைப்பு வேற. எவ்வளவு எடையில உடையும்ங்கிறது பலம். எடை ஏறும்போது எவ்வளவு வளையும்ங்கிறது விறைப்பு.

நடுவுல தூணே இல்லாத அரங்கத்துக்கு ‘ஸ்பேஸ் ஃபிரேம்’ போடுவாங்க. மேலே ஒரு கம்பி வலை, கீழே ஒரு வலை, ரெண்டையும் இணைக்கச் சாய்வுக் குழாய்கள். எங்கும் முக்கோணம்தான். சதுரத்தைத் தள்ளினா சாயும், முக்கோணம் சாயாது.

இதுல விறைப்பைக் கூட்ட என்ன வழி? வலைகள்ல எஃகை 2 மடங்காக்கினா விறைப்பும் ஏறக்குறைய 2 மடங்கு. அதே எஃகை வச்சு, ரெண்டு வலைக்கும் நடுவுல உள்ள உயரத்தை 2 மடங்காக்கினா, விறைப்பு ஏறக்குறைய 4 மடங்கு! கூரையையே வளைவா அமைக்கிறது அடுத்த வழி. அழுத்தம் தாங்குற கம்பிகளுக்கு இடையில பிடிப்பு கொடுக்கிறது மூணாவது.

டெல்லியில 1972ல ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ அரங்கத்தை இப்படித்தான் கட்டினாங்க, அதுவும் கான்கிரீட்ல. 2017ல அதை இடிச்சுட்டாங்க.

மூணாவது வழியை விட்டா என்ன ஆகும்? அமெரிக்காவோட ஹார்ட்ஃபோர்டு நகர அரங்கத்துல, கட்டும்போதே கூரை கணக்கைவிட ஏறக்குறைய 2 மடங்கு தொய்ஞ்சது. அதை யாரும் பெருசா எடுத்துக்கல. 1978 ஜனவரி 18 அதிகாலை, பனி பாரத்துல மொத்தக் கூரையும் விழுந்தது. சரியான பிடிப்பு இல்லாத மேல் வலைக் கம்பிகள் பக்கவாட்டுல வளைஞ்சதுதான் காரணம். சில மணி நேரத்துக்கு முன்னாடி அங்க கூடைப்பந்து ஆட்டம் பார்த்தவங்க சுமார் 5,000 பேர்!

நமக்குப் பனி இல்லை, புயல் உண்டு. 2011 டிசம்பர் 30, தானே புயலை இந்தப் பக்கத்துல யாரும் மறக்க முடியாது. காத்து கூரையை மேல இழுக்கும்போது கணக்கு தலைகீழாகும்: இழுவையில இருந்த கீழ் வலைக் கம்பிகள் அழுத்தத்துக்கு வரும். அதனால பிடிப்பு மேலேயும் வேணும், கீழேயும் வேணும்.

உங்க ஊர்ல மண்டபமோ உள்விளையாட்டு அரங்கமோ கட்டுறாங்களா? ரெண்டு கேள்வி கேளுங்க: கூரை எவ்வளவு தொய்யும்னு கணக்கு சொல்லுது? அளந்து பார்த்தப்போ எவ்வளவு இருந்துச்சு? ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, காரணம் தெரியிற வரைக்கும் உள்ள ஆளை விடக் கூடாது.