நோவில்லாத கட்டிக்கு ஏன் பயப்பட வேண்டும்?

கன்னத்திலோ கண்ணிமையிலோ பட்டாணி அளவில் சிவந்த கட்டி. நோவில்லை, கடியில்லை. அதனாலேயே மஞ்சள் பூசிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். சில வாரங்களில் அது இருமடங்கானால், அரிதாக மேர்க்கெல் கலப் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோயாக இருக்கலாம்.

ஏன் இந்த வேகம்? 2008இல் இக்கட்டிகளுக்குள் ஒரு பொலியோமா வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. பலரின் தோலில் தீங்கின்றி வாழ்வதுதான். எப்போதாவது அதன் மரபணு நம் கலத்தின் டி.என்.ஏ.க்குள் செருகிக்கொள்ள, கலம் பெருகாமல் தடுக்கும் புரதம் முடங்கிவிடுகிறது. வைரஸ் இல்லாத கட்டிகளில் பல்லாண்டு வெயில் அந்தக் கேட்டைச் செய்கிறது. கறுத்த தோல் நமக்குக் காவல்தான். ஆனாலும் முழுக் காவல் அல்ல.

எப்படி அறிவது? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிறு துண்டெடுத்துச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சிறிய நீலக் கலங்கள் நெருக்கியடித்து நிற்கும். நுரையீரலின் சிறுகலப் புற்றுநோயும் அப்படியே தெரியும். சைட்டோகெரட்டின் 20 என்ற புரதத்துக்குச் சாயமிடும்போது கருவின் ஓரத்தில் தோன்றும் ஒற்றைப் புள்ளிதான் பெரும்பாலும் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

சிகிச்சை என்ன? கண்ணுக்கும் உதட்டுக்கும் பக்கத்தில் கட்டியை அகலமாக வெட்ட இடமில்லை. நல்லவேளை, இக்கலங்கள் கதிர்ச் சிகிச்சைக்கு எளிதில் மடியும். கழுத்து நிணநீர்க் கணுக்களையும் சோதிக்க வேண்டும்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியில்தான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சிகிச்சைக்கு அப்படியோர் இடம் இருக்கையில், வளரும் கட்டியை வைத்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்.