நாவலருக்குப் பட்ட கடன்

சிதம்பரத்தில் கல்வி வளர்ந்த கதையைக் கூறப் புகுந்தால், ஈழநாட்டை நினையாமல் இருக்க முடியாது. 1864-ஆம் வருஷத்தில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இத் தலத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்தார். 1929-இல் அண்ணாமலை சர்வகலாசாலை தோன்றியபின், அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் மட்டக்களப்புச் சீமையில் பிறந்த விபுலாநந்த அடிகள். அன்று அக்கரையிலிருந்து நமக்கு ஆசிரியர்கள் வந்தார்கள்.

பின்னால் வந்தவர்களோ அகதிகள். 1983-ஆம் வருஷத்து ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஓடமேறி வந்த குடும்பங்களில் சில, நம் கடலூர் ஜில்லாவில் குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில் முதலிய இடங்களிலுள்ள முகாம்களில் வசித்து வருகின்றன. அவர்களுடைய பேரக் குழந்தைகள் நம் குழந்தைகளோடு ஒரே பெஞ்சியில் அமர்ந்து படிக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தின் கதவு திறந்தே இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொது, "நீ எந்த நாட்டுப் பிரஜை?" என்று அது கேட்பதில்லை. 2021-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் 317 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்து, முகாம் மாணாக்கரின் உபகாரச் சம்பளத்தையும் உயர்த்தியது. இவை போற்றத்தக்கனவே.

ஆயினும், கணக்கில் கெட்டிக்காரனான முகாம் பையன் ஒருவன் நம் வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டான். ஒரு நாள் கடைத்தெருவில், கையெல்லாம் வர்ணக் கறையோடு எதிர்ப்பட்டான். "ஏனப்பா படிப்பை விட்டாய்?" என்று கேட்டோம். "பி.எஸ்ஸி. படித்த அண்ணனும் என்னோடுதான் பெயிண்ட் அடிக்கிறான், சார்" என்றான். நமக்குப் பேச நா எழவில்லை.

அந்தப் பையனும் அவன் அண்ணனும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தாம். ஆனால், 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறக்கும் குழந்தை, பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருந்தாலன்றிப் பிறப்பால் பிரஜையாவதில்லை. 2004-இல் இவ்விதி இன்னும் இறுகிற்று. 2019-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இடம் பெறவில்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இரண்டு வருஷம் பிந்திப் பிறந்திருந்தால் அவருக்கும் அந்த வழி அடைபட்டிருக்கும்!

சர்க்கார் உத்தியோகத்துக்குப் பிரஜாவுரிமை வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் வேண்டும். இரண்டும் இல்லாதவனுக்குப் பட்டம் எதற்கு? ஏணியின் மேற்படியை எடுத்துவிட்டு, "ஏறு, ஏறு" என்று கீழே நின்று ஊக்கினால் எந்தப் பிள்ளை ஏறுவான்?

இங்கே பிறந்து, நம் பாடத்தையே படித்தவர்களைப் பிரஜைகளாக ஏற்பது தர்மம் என்பது நம் அபிப்பிராயம். அதுவரையில், நேயர்களே, கடையோ தொழிற்சாலையோ நடத்துவோர் அவர்களுடைய படிப்புக்கேற்ற வேலை தரலாமே!

அப் பையனின் தங்கை இப்போது நம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுக்கும் கணக்கு நன்றாக வருகிறது.