கடலடியில் கேட்கும் குரல்

பாளையங்கோட்டையில் அண்மையில் ஒரு திருமண வரவேற்பில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். உவரிக்கும் கூடங்குளத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊரொன்றைச் சேர்ந்தவர். உடன் வந்திருந்த மகனை அறிமுகப்படுத்தி, "கடலுக்கு அடியில் குழாய் பதிக்கிற கப்பலில் வேலை பார்க்கிறான் சார்" என்றார். அதில் என்ன வேலை என்று கேட்டேன். "கடலுக்குள் இறக்குகிற சாமான் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் பீக்கனைச் சோதித்துப் பொருத்துவது" என்றார் அந்த இளைஞர். பந்தியில் இடம் கிடைப்பதற்குள் அவர் சொன்னவையும், அதன் பிறகு நான் தேடிப் படித்தவையும் சேர்ந்ததே இக்கட்டுரை.

கரையில் வாழும் நமக்கு இருப்பிடம் அறிவது இன்று ஒரு பொருட்டே அல்ல. செல்பேசியைத் திறந்தால் செயற்கைக்கோள் சொல்லிவிடுகிறது. ஆனால், அந்த ரேடியோ அலைகள் கடல்நீரின் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே செல்வதில்லை. ஒளியும் இருநூறு மீட்டருக்குக் கீழே ஏறக்குறைய அற்றுப்போகிறது. ஆழ்கடலில் தொலைவு கடந்து செல்லக்கூடியது ஒலி மட்டுமே. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் 1,500 மீட்டர் செல்கிறது. மணப்பாடு குன்றின் மீதுள்ள கலங்கரை விளக்கம் ஒளியால் செய்வதை, பீக்கன் ஒலியால் செய்கிறது.

பீக்கனில் இரு வகைகள் உண்டு. ஒன்று, தண்ணீர் பட்டதும் தானாகவே விட்டுவிட்டு ஒலிப்பது; விமானங்களின் கருப்புப் பெட்டியில் இருப்பது இவ்வகை. மற்றொன்று, கப்பல் தன் எண்ணைச் சொல்லி அழைத்தால் மட்டும் பதில் கொடுப்பது. குழாய் பதிக்கும் பணியில் பயன்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகையே. கேள்வி சென்று பதில் திரும்ப இரண்டு நொடிகள் ஆனால், பீக்கன் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் மிகச் சிறு நேரத்தைக் கழித்துவிட்டு, அது 1,500 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கொள்ளலாம். எந்தத் திசையில் என்பதற்கு வேறு உத்தி. கப்பலின் அடியில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் பல காதுகள் உள்ளன. பதில் ஒலி ஒரு காதை முன்பும் மற்றொன்றைப் பின்பும் தொடும் அந்த நுண்ணிய வேறுபாட்டிலிருந்து கோணம் கணிக்கப்படுகிறது. 2,000 மீட்டர் ஆழத்தில் கோணம் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும், இடம் மூன்றரை மீட்டர் தள்ளிப்போகும்.

மூன்றரை மீட்டர் பெரிய பிழையா என்று கேட்கலாம். கிருஷ்ணா - கோதாவரி படுகையில் 2009 ஏப்ரலில் ஆழ்கடல் எரிவாயு எடுக்கத் தொடங்கினார்கள். 2020 டிசம்பரில் உற்பத்தி தொடங்கிய 'ஆர்' தொகுதியில் கடலின் ஆழம் 2,000 மீட்டருக்கும் அதிகம். அங்கே பல பத்து டன் எடையுள்ள இரும்புக் கட்டமைப்புகளைக் கப்பலின் கிரேன் கீழே இறக்குகிறது. அவை குறித்த இடத்தில், குறித்த திசையை நோக்கி அமர வேண்டும். பிறகு இரு முனைகளுக்கும் இடையே உள்ள தொலைவையும் ஒலியாலேயே சென்டிமீட்டர் கணக்கில் அளந்து, அந்த அளவுக்குத் தைத்த சட்டைபோல இணைப்புக் குழாயைச் செய்கிறார்கள். மனிதர் மூழ்கிப் பார்க்க முடியாத ஆழம் அது. கை, கண் எல்லாமே கம்பி வடத்தின் முனையில் இயங்கும் ஆளில்லா ஊர்திதான்.

ஒலி நேர்கோட்டில் செல்வதுமில்லை. வெப்பமும் உப்பும் அழுத்தமும் மாறமாற அதன் வேகம் மாறி, பாதையும் வளைகிறது. கங்கையும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், வங்கக் கடலின் மேலடுக்கில் உப்பைக் குறைத்துவிடுவதால் கணக்கு மேலும் சிக்கலாகிறது. எனவே, பணிக்கு முன் ஒரு கருவியை மேலிருந்து அடிவரை இறக்கி, ஒவ்வோர் ஆழத்திலும் ஒலியின் வேகத்தை அளந்துகொள்கிறார்கள். புன்னைக்காயலில் கடல் சேரும் எங்கள் தாமிரபரணிக்கு இதில் பங்கு ஏதும் உண்டா என்று கேட்டேன். இளைஞர் சிரித்துக்கொண்டார்.

என்னை வியக்க வைத்தது, சோதனையைப் பற்றி அவர் சொன்ன விதம்தான். முதலில் கப்பல் தளத்தில் பார்க்கிறார்கள். மின்கலம் நிறைந்திருக்கிறதா, ஒவ்வொரு பீக்கனுக்கும் தனி எண் கொடுக்கப்பட்டிருக்கிறதா? இரண்டுக்கு ஒரே எண் இருந்தால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லும்; எது எங்கே என்று தெரியாது. அடுத்து மூடியின் உள்ளிருக்கும் ரப்பர் வளையம். அதை விரலால் தடவிப் பார்த்து, பழுதிருந்தால் மாற்றி, மெல்லிய மசகு பூசி இட வேண்டும். வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், அந்த வழியாகத் தண்ணீர் நுழைந்துவிடும். 2,000 மீட்டர் ஆழத்தில் கட்டைவிரல் நகமளவு இடத்தின் மீது 200 கிலோ எடை அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது லித்தியம் மின்கலம் என்றால், நீர் புகுந்த கருவி மேலே வரும்போது வெடிக்கவும் கூடும். திறப்பதற்கு முன் அதற்கென்று தனி எச்சரிக்கை உண்டு.

தளத்தில் தேறிய பீக்கனை உடனே பொருத்துவதில்லை. கயிற்றில் கட்டிக் கப்பலின் ஓரமாகத் தண்ணீருக்குள் இறக்கி, கப்பலின் காதுகளுக்கு அது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருத்தும்போது அதன் தலை மேல்நோக்கி, இரும்புச் சட்டம் எதுவும் மறைக்காதபடி இருக்க வேண்டும். ஒன்று ஊமையானால் உதவ மற்றொன்றும் வேண்டும். பணி முடிந்ததும் ஊர்தியின் இயந்திரக் கை பிடித்துக் கழற்றுவதற்குக் கைப்பிடியும் வேண்டும். ஒருமுறை நேரமில்லை என்று தண்ணீர்ச் சோதனையைத் தவிர்த்து இறக்கிய பீக்கன் பாதி வழியில் பேச மறுத்தது. முழுக் கட்டமைப்பையும் திரும்ப மேலே இழுத்தார்கள். போனது பெரும்பகுதி ஒரு நாள். அத்தகைய கப்பலின் ஒரு நாள் வாடகை கோடி ரூபாயைத் தாண்டும். தவிர்த்த சோதனைக்கு ஆகியிருக்கும் நேரம் இருபது நிமிடம்.

குழாய் நிறுவனங்களின் லாப நட்டம் நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கருதலாம். இந்தக் கருவிகளும் கப்பல்களும் மனித உயிர்களின் கணக்கிலும் வருகின்றன. 2015 ஜூன் 8 இரவு, கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் மூன்று பேருடன் தமிழகக் கடலில் மறைந்தது. அதிலிருந்த பீக்கன் ஒலித்தது, ஐ.என்.எஸ். சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் அதைக் கேட்டது. தேடும் பரப்பு குறுகியது. கடலடி எரிவாயுப் பணிக்காக ரிலையன்ஸ் நிறுவனம் பயன்படுத்திவந்த 'ஒலிம்பிக் கேன்யன்' கப்பலை அழைத்தார்கள். அதன் ஆளில்லா ஊர்தி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இறங்கியது. ஜூலை 10 அன்று விமானத்தின் தரவுப் பதிவுக் கருவி கிடைத்தது. 32 நாள்கள்.

மறு ஆண்டு, 2016 ஜூலை 22 அன்று, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் சென்ற விமானப் படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் காணாமல் போனது. கடலடியில் ஒலிக்கும் பீக்கன் அந்த விமானத்தில் இல்லை. இருந்த அவசர ரேடியோ கருவிகள் நீருக்கடியில் பயன்படாதவை. கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி எனப் பல வாரங்கள் தேடியும் தடயம் இல்லை. 2024 ஜனவரியில்தான், சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி ஊர்தி, கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது. ஏழரை ஆண்டுகள் 29 குடும்பங்கள் எப்படிக் காத்திருந்தன என்பதற்கு எங்கள் பொருளியலில் அளவுகோல் கிடையாது.

பொருத்தியிருந்தால் மட்டும் போதுமா? 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த மலேசிய விமானத்தின் தரவுப் பதிவுக் கருவியில் பீக்கன் இருந்தது; அதன் மின்கலத்தின் காலக்கெடு 2012 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்று விசாரணை அறிக்கை கூறியது. இத்தகைய பீக்கன்களின் ஆயுள் 30 நாளிலிருந்து 90 நாளாக உயர்த்தப்பட்டது பின்னர் வந்த மாற்றம். காலாவதியான மின்கலத்துக்கு அந்த விதியும் உதவாது.

இங்கே பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பாதுகாப்புக் கருவி நன்றாக வேலை செய்தால் எதுவுமே நடப்பதில்லை. நடக்காத ஒன்றைக் கணக்குப் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது? ஆகவே, செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் கத்தரிக்கோல் படுவது பராமரிப்பின் மீதும் சோதனையின் மீதும்தான். இன்னொன்று, சோதனையைத் தவிர்ப்பவர் ஒருவர், அதன் இழப்பைச் சுமப்பவர் வேறொருவர். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்ற முறையில், ரப்பர் வளையத்தை ஒழுங்காக மாற்றுபவர், மாற்றாதவரிடம் தோற்றுப்போவார்.

எங்கள் முத்துக்குளித்துறைக் கரையில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். பொருநை கடல் சேர்ந்த பழைய முகத்தில் இருந்த கொற்கையின் காலம் தொட்டே இங்கே முத்தெடுத்தவர்கள் உண்டு. கல்லைப் பிடித்து மூழ்குபவர், மூச்சு முட்டும்போது இடுப்புக் கயிற்றை அசைப்பார்; படகில் இருப்பவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவர் கையில்தான் கொடுப்பார்கள் என்று இங்கே சொல்வதுண்டு. தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கும்போது, மைத்துனருக்குக் கண் அயராது. கவனக்குறைவின் விலையைக் கவனிக்க வேண்டியவரே சுமக்கும்படியான ஏற்பாடு அது. நவீன ஒப்பந்தங்களில் காணாமல்போனது அந்த மைத்துனர்தான்.

அரசு செலவிடத் தயங்குகிறது என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவிகளை இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் படகுக்கு 36,400 ரூபாய். ஒக்கி புயலில் உறவுகளைப் பறிகொடுத்த தென்கடற்கரையில் யாரும் அதை வீண் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால், அது நீரின் மேற்பரப்புக்கு உரியது. நீருக்குள் மனிதரையே அனுப்பும் முயற்சியும் நடக்கிறது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லவிருக்கும் 'மத்ஸ்யா 6000' ஊர்தி, 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சோதிக்கப்பட்டது. அங்கே நீருக்கடிப் பேச்சுத் தொடர்பு எதிர்பார்த்த அளவு சரியாகக் கேட்கவில்லை. துறைமுகத்தின் ஆழம் குறைவு என்பதே கூறப்பட்ட காரணம். குறையை மறைக்காமல் வெளியிட்டதைப் பாராட்டுகிறேன். சோதனை என்பதே அதற்காகத்தான்.

என் கோரிக்கைகள் சிறியவை. கடலடிப் பணிகளுக்கான பொது ஒப்பந்தங்களில், பீக்கன் சோதனையை விலைப் போட்டியிலிருந்து விலக்கி, தனி இனமாக நிர்ணயித்த தொகையில் வழங்க வேண்டும். சோதனைத் தாளில் சோதித்தவரின் பெயரும் நேரமும், ஒப்பந்ததாரரின் பொறுப்பு அதிகாரியின் கையெழுத்தும் இருக்க வேண்டும். தாள் இல்லாமல் நேரும் இழப்புக்கு ஒப்பந்ததாரரே பொறுப்பு என்று எழுத வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடற்கரையில் உள்ள ஏதேனும் ஓர் அரசுப் பாலிடெக்னிக்கில் இதற்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கலாம். ஒலியியல் சோதனைத் தொட்டியும் அனுபவமும் சென்னையில் உள்ள தேசிய நிறுவனத்திடம் இருக்கின்றன. கடலை அறிந்த பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். என் மாணவரின் மகன் இந்தத் தொழிலைக் கற்க வெளிநாடு சென்று, வீட்டு நகையை அடகு வைத்த கடனை இப்போதுதான் அடைத்து முடித்திருக்கிறார்.