இசைத்தட்டில் அடங்காத தஞ்சை வர்ணம்

அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் நிறைவுறும் இன்றைய பரதநாட்டியக் கச்சேரி முறை தஞ்சை அரசவையில் உருப்பெற்றது. முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்களான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நான்கு சகோதரர்கள், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை வகுத்து, வர்ணங்களையும் தில்லானாக்களையும் இயற்றினர்.

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. அக்காலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடங்களையே ஏற்றது. ஆடலுக்குரிய வர்ணமோ அரை மணி நேரத்தையும் கடப்பது. எனவே பதங்களும் ஜாவளிகளும் தட்டில் ஏறின. ஜதியும் அபிநயமும் பின்னிய முழு வர்ணம் வெளியே நின்றது. அதனைக் காத்தவை நட்டுவனார் குடும்பங்களின் நினைவாற்றலும் கையேடுகளுமே. நால்வரின் வழித்தோன்றலான கே.பி. கிட்டப்பா பிள்ளை (1913–1999) அவர்களின் உருப்படிகளை நூலாகவும் வெளியிட்டார்.

இன்று பதிவுக்கு நேர வரம்பு இல்லை. ஆயினும் பல காணொளிகளில் ஆடுபவரின் பெயர் மட்டுமே இடம்பெறுகிறது. வர்ணத்தை இயற்றியவர் பெயர் விடுபடுகிறது. தட்டின் குறையைத் தொழில்நுட்பம் நீக்கிவிட்டது. இந்தக் குறையை நீக்க ஒரு வரி போதும்: இராகம், தாளத்துடன் இயற்றியவர் பெயர். கலைஞர்களும் சபாக்களும் அதனை வழக்கமாக்க வேண்டும்.