இசைத்தட்டுச் சேகரம்

இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கொழும்பு, சென்னை போன்ற நகரங்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். தலவாக்கலையிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும் பாதையில், அக்கரபத்தனைக்குக் கிளை பிரியும் லிந்துலைப் பகுதியிலே அதற்கு வேறொரு பயன் உண்டு. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்கள் எந்தப் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. தோட்டத்துக் கணக்கேடுகள் கொழுந்தின் நிறையைக் குறித்து வைத்தன. மாலையில் லயத்து வாசலில் ஒலித்த பாட்டைக் குறித்து வைக்கவில்லை. ஆகவே, பழைய பெட்டியொன்றில் கிடக்கும் ஓர் இசைத்தட்டு அங்கே ஆவணமாகிறது. அந்த ஆவணத்தைப் படிக்கும் முறையை அறிவது நன்று.

தட்டையான இசைத்தட்டை 1887இல் அமைத்தவர் எமில் பெர்லினர். பின்னர் அது அரக்கினால் செய்யப்பெற்று, நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் சுழன்றது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். மணிக்கணக்கில் விரியும் கச்சேரி இராகமும், இரவெல்லாம் நடக்கும் நாடகப் பாட்டும் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. கிராமபோன் கம்பெனியார் 1902இல் கல்கத்தாவில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தனர். 1908இல் அந்நகரின் சியால்டாப் பகுதியில் தொழிற்சாலையும் நிறுவினர். தொடக்கத்தில் பதிவுகள் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டு அங்கே தட்டுகளாக அச்சாகி வந்தன. கௌஹர் ஜான் என்னும் பாடகி பாட்டின் முடிவிலே தம் பெயரைத் தாமே அறிவித்ததற்கு அதுவே காரணம் என்பர். பாடியவர் யார் என்பதை அயல்நாட்டுத் தொழிலாளி அறிய வேறு வழி இல்லை அல்லவா?

தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாள் எப்போதும் முழு உண்மையைச் சொல்லும் என்று நம்பிவிடலாகாது. 1949இல் வெளிவந்த ‘மஹல்’ என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்குரிய தட்டில், பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. கதாபாத்திரத்தின் பெயராகிய ‘காமினி’ என்பதே இருந்தது. பாடியவர் யார் என வானொலி நேயர்கள் கேட்டெழுதிய பிறகே உண்மைப் பெயர் வெளிப்பட்டது. எனவே, வட்டத்தாளைப் படிப்பவர் அதனோடு நிற்காமல், ஊசி ஓடி முடியும் வெற்றிடத்தில் பொறித்துள்ள எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண் எந்தப் பதிவிலிருந்து அத்தட்டு அச்சாயிற்று என்பதைக் காட்டும்.

தட்டு ஒன்றே ஒரு குரலைக் காப்பாற்றிய வரலாறும் தமிழிலே உண்டு. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் கொழும்பு மேடையில் இணைந்து நடித்தவர்கள். சுந்தராம்பாள் பின்னர் திரைப்படங்களில் நடித்து நெடுங்காலம் வாழ்ந்தார். கிட்டப்பாவோ எந்தப் படத்திலும் நடிக்காமல், 1933இல், முப்பது வயதும் நிரம்பாமல் மறைந்தார். அவருடைய குரல் இன்று நமக்குக் கிடைப்பது இசைத்தட்டுகளால்தான். அவை உடைந்திருக்குமாயின், அக்குரலைப் பற்றிய புகழுரை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

மலைநாட்டில் கிட்டப்பாவுக்கு வாய்த்த அந்தப் பேறு பலருக்கு வாய்க்கவில்லை. அட்டனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் இயக்கம் கண்ட கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, கூட்டங்களிலே தாமே பாட்டிசைத்துத் தொழிலாளரைத் திரட்டியவர். மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் அவர் இயற்றிய ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ 1940இல் நூலாக வந்தது. நம் கைக்கு வந்திருப்பது அச்செழுத்தே. வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் வாய்மொழிப் பாடல்களைக் கேட்டுத் தொகுத்தார். சென்னையிலிருந்து வந்த தட்டுகளோ பிற ஊர்ப் பாட்டுகளையே ஏற்றி வந்தன. பாடுவதற்குத் தம் பாட்டும், கேட்பதற்குப் பிறர் பாட்டுமாகத் தோட்ட மக்களின் இசைவாழ்வு இரண்டாகப் பிரிந்து நின்றது.

சாவி முறுக்கினால் ஓடும் கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. மின்விளக்கு எட்டாத லயங்கள் மிகுந்த காலத்தில் அது பேருதவி. ஆயினும் பெட்டியும் தட்டும் வாங்கும் வசதி கூலிக்காரருக்கு எளிதில் வாய்க்கவில்லை. அவர்களுக்குப் பாட்டு வந்த வழிகள் இரண்டு. ஒன்று, திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் முழங்கிய ஒலிபெருக்கி. மற்றொன்று, இலங்கை வானொலி. வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியது. 1952 முதல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் சுருங்கவே, 1957இல் விவித் பாரதி தோன்றும் வரை தென்னிந்திய நேயரும் கொழும்பையே நாடினர். எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் கடலின் இருகரையிலும் பழகிய குரலாயிற்று. கொழும்பில் சுழன்ற ஒரு தட்டை லிந்துலையின் லயத்திலிருந்தவரும் திருச்சியிலிருந்த அவர் உறவினரும் ஒரே வேளையில் கேட்க முடிந்தது.

நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழங்குலச் சிறு தட்டு 1949இல் அமெரிக்காவில் வந்தது. அது வினைல் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனது, எளிதில் உடையாதது. உலகெங்கும் பொப் இசைக்கு அதுவே வாகனமாயிற்று. இலங்கையில் 1960களிலும் 1970களிலும் பைலாத் தாளத்தோடு தமிழ்ப் பொப் பாடல்கள் எழுந்தன. யாழ்ப்பாணம் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் விவசாயம் கற்பித்த விரிவுரையாளர்; ‘சின்ன மாமியே’ அவர் ஆக்கிப் பாடியது. அதை நாடெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் பொப்பிசைச் சக்கரவர்த்தி எனப் பெயர் பெற்ற ஏ. ஈ. மனோகரன். அவர் புகழ்பெறச் செய்த ‘சுராங்கனி’ கடல் கடந்து, இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற 1977ஆம் ஆண்டுப் படத்திலும் இடம்பெற்றது. தமிழகத்தில் சிலோன் மனோகர் என அறியப்பட்ட அவர் 2018இல் சென்னையில் காலமானார். பாட்டை ஆக்கியவர் ஒருவர், பரப்பியவர் மற்றொருவர் என்பதை மறவாதிருத்தல் சேகரிப்போரின் கடமை.

லிந்துலை போன்ற இடங்களில் இத்தட்டுகளைத் தேடுவோர் பழைய ஒலிபெருக்கிக்காரரின் பெட்டிகளை முதலில் நாடுவது பொருத்தம். மலைநாட்டுக் குடும்பங்கள் பல இன்று அவ்விடத்தில் இல்லை. 1964 அக்டோபர் 30ஆந் தேதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைமன்னார் வழியாகக் கப்பலேறியவர்கள் எதை எடுத்துச் சென்றனர், எதை அயலாரிடம் விட்டுச் சென்றனர் என்பதில் ஒரு சமுதாயத்தின் வரலாறு அடங்கியுள்ளது. தட்டின் வட்டத்தாளில் மையால் எழுதிய ஒரு பெயரும், உறையில் கடைக்காரர் குத்திய முத்திரையும் அவ்வரலாற்றின் துண்டுகளே. அழகுக்காக அவற்றைத் துடைத்தழிப்பது பெருந்தவறு.

பேணும் முறையும் அறியத்தக்கது. மலைநாட்டு ஈரக்காற்றில் உறையிலும் வட்டத்தாளிலும் பூஞ்சணம் பிடிக்கும். தட்டுகளை அடுக்காமல் நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். அரக்குத் தட்டை மதுசாரத்தால் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும். வட்டத்தாள் நனையாதபடி தூய நீரில் நனைத்த மென்துணியே போதும். 78 சுற்றுத் தட்டின் வரி அகலமானது. 45 சுற்றுத் தட்டின் வரி நுண்ணியது. ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு ஊசி தேவை. அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்த வினைல் வளைந்து போகும்.

தட்டு கிடைத்த அன்றே ஒரு குறிப்பேட்டில் சில செய்திகளை எழுதிவைத்தல் இன்றியமையாதது: கம்பெனியின் பெயர், எண், பாடியவர், யாரிடமிருந்து வந்தது, எந்தத் தோட்டத்தில் இருந்தது, எந்த விழாவில் ஒலித்தது என்பன அவை. ஒலியைக் கணினியிற் பதிந்து வைக்க இன்று வழியுண்டு; அப்பாட்டைக் கேட்ட முதியவரின் நினைவைப் பதிய அவர் வாழும் காலம் மட்டுமே வாய்ப்பு. பாட்டு வேறோரிடத்தில் மற்றொரு பிரதியிலே கிடைத்துவிடலாம். அது லிந்துலையில் யார் வீட்டு வாசலில் ஒலித்தது என்ற செய்தி அம்முதியவரிடம் மட்டுமே உள்ளது. ஆதலால் முதலில் எழுதப்பட வேண்டியது அதுவே.